இழுப்பதில்தான் இருக்கிறது

"உறிஞ்சாதீங்க டாக்டர், மூச்சை இழுங்க! ஸ்ட்ரா போட்டு ஜூஸா குடிக்கிறீங்க?"

பல் டாக்டரம்மா ஹார்மோனிகாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு இருமினார். முகம் சிவந்துவிட்டது.

"மூச்சு பத்தலை சார்."

"பத்தாம இல்லை, அதிகமாயிடுச்சு" என்றார் வாத்தியார். "ப்ளூஸ் பாட்டுல ஊதுறது கம்மி, இழுக்கிறதுதான் ஜாஸ்தி. இழுத்துக்கிட்டே இருந்தா நெஞ்சு நிரம்பிடும். நிரம்பினதை நடுவுல மூக்கு வழியா விடணும். வாத்தியத்தை வாயிலேருந்து எடுக்கவே கூடாது."

சொன்னது டாக்டருக்கு. கண் மட்டும் உள்ளறை வாசலில் இருந்தது. அங்கே அவர் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காலடியில் ஒரு பெட்டி. இன்று அவள் ஆபீசுக்கு லீவு போட்டதே இந்த வகுப்பைப் பார்க்கத்தான்.

சண்டை நேற்று மாலை ஆரம்பித்தது.

"காலையிலதான் டேங்க்கை நிரப்பி வெச்சேன். நான் பஸ்ல ஆபீஸ் போய்ட்டு வர்றதுக்குள்ள முள்ளு அடியில கிடக்கு. பகல்ல ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு எங்கே போறீங்க?"

"எங்கேயும் போகலைம்மா. வீட்லதான் இருந்தேன்."

"அப்போ பெட்ரோல் என்ன, ஆவியாப் போச்சா?"

போன வாரமும் இதே கேள்வி, அதற்கு முந்தின வாரமும் இதே கேள்வி. எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாமென்றால், அந்த ஸ்கூட்டரில் தூரம் காட்டும் மீட்டர் செத்துப் பல மாதமாகிறது. எங்கேயும் ஒழுகவில்லை என்று மெக்கானிக் சத்தியம் செய்துவிட்டான். மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பல் டாக்டரம்மாவின் கிளினிக் ஊரின் அடுத்த கோடியில், பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போய்வர ஒரு டேங்க் ஆகாதுதான். ஆனால் சந்தேகம் வந்த மனசு மைலேஜ் பார்ப்பதில்லை.

"நாளைக்குக் கிளாஸ் முடியட்டும். அந்தம்மாவை வெச்சுக்கிட்டே கேட்கிறேன். சரியான பதில் வரலேன்னா நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். என் தம்பி கொண்டுபோய் விடுவான்."

"விடுக்கா" என்றான் தம்பி. "அத்தான் ஆம்பளை. நாலு இடம் போவார், வருவார். அதையெல்லாம் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனான்.

தம்பி இவர்கள் வீட்டில் தங்கித்தான் வேலை தேடிக்கொண்டிருந்தான். தன் பைக்கை எடுத்தால் ஊர் முழுக்கத் தேடுவான். வேலைதான் அவன் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற நேரத்துக்கு ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று வாத்தியார்தான் அவனையும் வகுப்பில் உட்காரவைத்திருந்தார்.

வாத்தியாருக்கு இப்போது நிஜமாகவே பயமாக இருந்தது. அவள் போய்விட்டால் வீடு வீடாக இருக்காது. அதைவிட, இத்தனை வருஷம் கூட இருந்தவள் தன்னை நம்பவில்லையே என்பதுதான் வலித்தது. பெட்டியைப் பார்த்தார். வகுப்பு முடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

"மச்சான், நீ ஒருதரம் வாசிச்சுக் காட்டு" என்றார், நேரத்தைக் கடத்துவதற்காக.

தம்பி ஹார்மோனிகாவை உதட்டில் வைத்து இழுத்தான். மெல்லிசாக ஆரம்பித்த நாதம் கொஞ்சமும் நடுங்காமல் நீண்டுகொண்டே போனது. நடுவில் மூக்கு லேசாக விரிந்து அடங்கியது. உதடு அசையவில்லை. மறுபடி இழுத்தான். வெட்டினாற்போல் நிறுத்தினான்.

டாக்டரம்மா கை தட்டிவிட்டார். "எப்படிங்க இது? நான் மாசக்கணக்கா மூச்சு முட்டிக்கிட்டிருக்கேன்!"

"எனக்கே இது படிய ரொம்ப வருஷம் ஆச்சு டாக்டர்" என்றார் வாத்தியார். பொறாமை இல்லாமல்தான் சொன்னார். "மச்சான் முதல் நாளே இப்படித்தான் இழுத்தான். பிறவி வித்தை."

பள்ளிக்கூடம் தொட்டு வேலைக்கான நேர்காணல்வரை தம்பியை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. வாசலில் நின்ற அக்காகூடக் கட்டிய கையைப் பிரித்துவிட்டு முகம் மலர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பிறவியெல்லாம் இல்லை அத்தான், பழக்கம்தான்."

"எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றார் டாக்டர்.

"நல்லா கவனிங்க டாக்டர். எடுத்த எடுப்புல வேகமா இழுக்கக் கூடாது. மெதுவா, ஒரே சீரா இழுக்கணும். நெஞ்சு நிரம்பிடுச்சுன்னா நாக்கால அடைச்சுக்கிட்டு, மூக்கு வழியா விட்டுட்டு, மறுபடி இழுக்கணும். உதடு மட்டும் விலகவே கூடாது. விலகிச்சோ, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அட, சாரும் இதைத்தானே சொல்றாரு! சரி, எங்கே நிறுத்துறதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுலதான் சூட்சுமமே இருக்கு" என்றான் தம்பி. அக்காவைப் பெருமையாக ஒருமுறை பார்த்துக்கொண்டான். "காது கூர்மையா இருக்கணும். சத்தம் மாறும் பாருங்க, அந்த நொடியே டக்குனு வாயை எடுத்துடணும். கொஞ்சம் அசந்தீங்க, வாயெல்லாம் பெட்ரோல்தான்!"