நடக்கத் தெரியாதவன்

"என்னடா, உன் ஃப்ரெண்டு மறுபடியும் உட்கார்ந்துட்டானா?"

மாஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகனைக் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர். ரிடையரானதில் விசில்தான் போனது, அதட்டல் போகவில்லை.

மகன் வேலை பார்க்கும் வெளிநாட்டு நகரத்துக்கு மனைவியோடு வந்து நாலு நாளாகிறது. இன்றைக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற நாள். மகன், மருமகள், கூடவே மகனின் ஆபீஸ் நண்பன்.

அந்த நண்பன்தான் மியூசியம் வாசல் பெஞ்சில் பொத்தென்று சாய்ந்திருந்தான்.

"முடியலை அங்கிள். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போலாமா?"

"காலையிலேர்ந்து இது மூணாவது பெஞ்சு. இந்த ஊர்ல எத்தனை பெஞ்சு இருக்குன்னு கணக்கெடுக்க வந்தியா?"

சொல்லிக்கொண்டே மாஸ்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட வந்தவனைத் தனியாக விட்டுவிட்டா போக முடியும்? யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வலது முழங்காலை மெல்ல நீவிக்கொண்டார். ஆற்றுப்பாலம் தாண்டியதிலிருந்தே அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. அதை வெளியே சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

"வயசு என்ன உனக்கு?"

"முப்பத்தொண்ணு அங்கிள்."

"உன் வயசுல நான் நாலு மைல் ஓடிட்டு வந்துதான் பல்லே தேய்ப்பேன்."

"நீங்க எங்கே, நான் எங்கே!"

பதில் மாஸ்டருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆகவே அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமானது. மாவட்டப் போட்டியில் அவர் வாங்கிய கோப்பைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதற்குள் மற்ற மூணு பேரும் மியூசியத்தின் நாலு மாடியையும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அடுத்தது மணிக்கூண்டு. உச்சிக்குப் போக இருநூற்று நாற்பது படி. நண்பன் அண்ணாந்து பார்த்தான். முகம் சுருங்கியது.

"எனக்கு உயரம்னாலே தலை சுத்தும். யாராவது கீழே துணைக்கு இருந்தா…"

"என்ன பிறவிடா நீ!" என்றார் மாஸ்டர். பிறகு பெரிய மனசோடு மற்றவர்களைப் பார்த்துக் கையசைத்தார். "சரி சரி, நீங்க ஏறுங்க. இவனை நான் பார்த்துக்கறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவி பத்தாவது படியில் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து ஒரு கை ஆடியது.

"பார்த்தியா? அந்தம்மாவுக்கு அறுபத்து மூணு வயசு. மேலே நிக்கறா. நீ கீழே குந்தியிருக்கே. வெக்கமா இல்லை?"

"இருக்கு அங்கிள்" என்றான் நண்பன், அவருக்கு உட்கார நல்லா இடம் விட்டு நகர்ந்தபடி.

சாயங்காலம் ஆற்றங்கரையோரம் ஸ்டேஷன் வரை நடப்பதாகத்தான் ஏற்பாடு. நண்பன் ரெண்டு கையையும் கூப்பிவிட்டான்.

"கால் ரெண்டும் கழண்டுபோச்சு. படகுல போயிடலாமே?"

"என் கிளாஸ்ல இருந்திருந்தா மைதானத்தைப் பத்து ரவுண்டு ஓட விட்டிருப்பேன்" என்று கத்திய மாஸ்டர்தான் படகில் முதல் ஆளாக ஏறினார்.

ஸ்டேஷன் வாசலில் நண்பன் விடைபெற்றுக்கொண்டான். ரயிலில் ஜன்னலோர சீட்டில் கால் நீட்டியதும் மாஸ்டர் தீர்ப்பு சொன்னார்.

"நல்ல பையன்தான். ஆனா உடம்புல சத்தே இல்லை. ஊதினா பறந்துடுவான். இந்தக் காலத்துப் பசங்க எல்லாருமே…"

சட்டென்று ஜன்னல் பக்கம் குனிந்தார்.

ரயில் நகர ஆரம்பித்திருந்தது. வெளியே சாலையில், பையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நண்பன் ஓடிக்கொண்டிருந்தான். ஓடுகிற கால்களைப் பார்த்தே தலை நரைத்தவர் மாஸ்டர். அது பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டமில்லை என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"எங்கேடா ஓடறான்?"

"வீட்டுக்குப்பா. பதிமூணு கிலோமீட்டர். தினமும் ஓடித்தான் போவான். வருஷத்துக்கு ரெண்டு மாரத்தான் ஓடறவன்" என்ற மகன், உடனே எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். மருமகள் செல்போனுக்குள் புகுந்துகொண்டாள்.

"அப்போ காலையிலேர்ந்து முடியலை, முடியலைன்னது?"

"நான்தான் அவனை அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றாள் மனைவி. "முட்டி வலிக்குதுன்னு நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. வேற யாராவது முடியலைன்னாதானே உட்காருவீங்க?"

மாஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அதுக்கு ஊரான் பிள்ளை எதுக்கு? கல்யாண வீடோ கடைவீதியோ, எங்கே போனாலும் பாதி வழியில கால் வலிக்குதுன்னு நீதானே உட்காருவே!"

"ஆமாங்க, பத்து வருஷமா எதையும் முழுசாப் பார்த்ததே இல்லை" என்றாள் மனைவி. "வலிக்காத கால்தானே, இன்னிக்கு ஒரு நாளாவது நடந்து பார்க்கட்டுமேன்னு விட்டுட்டேன்."