கன்சோல் பெற்ற பொத்தான்

ஒரு காலத்தில் கணினித் திரை முழுக்க, கட்டளைகளை எழுத்தில் வாங்கும் கன்சோலின் ராஜ்யம்தான். மனிதர்கள் எழுதிக் கேட்பார்கள், அது பதில் எழுதும். இப்போது வரைபட மென்பொருள் ஒன்றின் அடியில், சின்ன ஜன்னலில் ஒண்டுக்குடித்தனம்.

"இன்னும் யாராவது உங்ககிட்ட பேசுறாங்களா பெரியவரே?" என்று மேலே பொத்தான்கள் சிரிக்கும்.

ஒருநாள் அந்த மென்பொருளில் ஊர் வரைபடம் போடும் செண்பகவல்லிக்கு அதிலிருந்த வீடுகளுக்கெல்லாம் நிறம் மாற்ற வேண்டியிருந்தது. பொத்தான்களால் ஒவ்வொரு வீடாகத்தான் மாற்ற முடியும். அவள் கன்சோலில் நாலு வரி எழுதினாள். அது தப்பைச் சுட்டியது. திருத்தினாள். பழைய நாட்களைப் போலவே பேச்சு நீண்டது. மொத்த ஊரும் நிறம் மாறியது.

'இனி தினமும் வருவாள்' என்று கன்சோல் பூரித்தது.

மறுநாள் அவள் அதே நாலு வரியை, ஒரே அழுத்தில் ஓடும்படி, ஒரு புதுப் பொத்தானுக்குள் வைத்துவிட்டாள். அந்தப் புதுப் பொத்தான் கீழே எட்டிப் பார்த்துப் பக்கத்துப் பொத்தானிடம் கேட்டது:

"யாரு அந்தப் பெரியவர்? வேலைவெட்டி இல்லாம உக்காந்திருக்காரே!"