வழக்கம் தெரிந்தவர்

குடும்ப நல ஆலோசகர் கோதண்டபாணிக்கு ஒரு பெருமை உண்டு. மதராஸிலிருந்து திருத்தணிக்கு வந்த ஒரே வருஷத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களை அக்குவேறு ஆணிவேறாகப் படித்துவிட்டாராம்.

அதற்கு அடையாளமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பொதட்டூர்பேட்டை லுங்கிதான் கட்டுவார். "போற இடத்து வழக்கத்தை மதிக்கணும்" என்று கூட்டம் போட்டு மற்றவர்களுக்குப் பாடம் வேறு எடுப்பார். கேட்டவர்களும் கைதட்டிவிட்டுப் போவார்கள், பாவம்.

அன்று தமயந்தி என்ற நெசவாளர் வீட்டுப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சொந்தத் தாய்மாமன். அவளுக்கு இஷ்டமில்லை, அம்மாவோ ஒரே பிடியாக நிற்கிறாள். சார் ஒரு தரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

கோதண்டபாணி ஞானி மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

"தாய்மாமனைக் கட்டறது உங்க ஜனங்களோட முறைம்மா. வெளியூர்க்காரன் நான் அதுல தலையிடறது தப்பு."

"இல்லீங்க சார், எங்க மாமா..."

"தெரியும்மா. வயசு கூட இருக்கும். இங்கெல்லாம் அது சகஜம்தானே."

"சின்னதுல என்னைத் தோள்ல தூக்கிகினு மலை ஏறினவருங்க. எனக்கு அவரு நைனா மாதிரி. அவரும்..."

மேலே பேச விட்டால்தானே. மாமன் உரிமை, சீர், பரிசம் என்று அவள் குலத்து வழக்கத்தை அவளுக்கே விளக்க ஆரம்பித்துவிட்டார். மீன்குஞ்சுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்கிற மகானுபாவர். முறைமாமனை வேண்டாமென்றால் உறவே அறுந்துபோகும், அவன் அரிவாளைத் தூக்கினாலும் தூக்குவான் என்று பயமும் காட்டினார்.

தமயந்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வேணாம்னு சொல்ற நானும் அந்த ஜனத்துல பொறந்தவதானே, சார்?"

கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது முப்பதைத் தாண்டிய ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பேசிட்டியா கண்ணு?" என்று கேட்டவர், அவள் அழுத முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

கோதண்டபாணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓகோ, சங்கதி இதுதானா. இப்படி ஒருத்தனைப் பிடித்து வைத்திருப்பதால்தான் மாமன் கசக்கிறானா?

"யாருய்யா நீ? இவளுக்கு மாலை போடப் போற மாமன் ஒருத்தன் இருக்கான். இவ கூட நீ ஊர் சுத்தறது அவன் காதுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

வந்தவர் கைகுவித்தார்.

"நான்தாங்க அந்த மாமன். இந்தக் கல்யாணம் வேணாம்னு நான் சொன்னா எங்க அக்கா கேக்க மாட்டேங்குது. படிச்சவரு நீங்க சொன்னா கேக்கும்னு நான்தாங்க இவளை இட்டாந்தேன்."