ரிப்பன் கட்டிய வெயில்

மின்சாரம் போய்விட்டது. மகப்பேறு மருத்துவமனையின் மொட்டைமாடியில் வெயில் கொட்டிக் கிடக்கிறது; ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. புது சோலார் பலகைகளைத் தார்ப்பாயால் இழுத்துப் போர்த்தி, சிவப்பு ரிப்பனால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூலை அறையில் பேட்டரிகள் பட்டினி கிடக்கின்றன. "தார்ப்பாயை உருவினா போதும் சார், வார்டுல ஃபேன் ஓடும், பேட்டரியும் ஏறும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். "தலைவர் சாயங்காலம் வந்து ரிப்பன் வெட்டுறவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுப்பா" என்கிறார் மேலாளர். கீழே வாசலில், விழாவுக்கென்று வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் கரும்புகையைக் கக்கிக்கொண்டு, 'மின்சாரத்தில் சொந்தக் காலில் நிற்கிறோம்' என்ற அலங்கார வளைவின் பல்புகளைப் பட்டப்பகலில் மினுக்குகிறது. அந்தப் புகை நேராகப் பிரசவ வார்டு ஜன்னலுக்குள் நுழைகிறது. உள்ளே நர்ஸ், நேற்றுப் பிறந்த குழந்தைக்கு விழா அழைப்பிதழால் விசிறுகிறாள். "சூரியனை எந்தத் தலைவர் சார் திறந்து வச்சாரு?" என்று ஜன்னல் வழியாக மேலே பார்த்துக் கத்துகிறாள். ஜெனரேட்டர் இரைச்சலில் அது மேலாளரின் காதில் விழவில்லை. தார்ப்பாயில் ஒரு காக்கை எச்சமிட்டுவிட்டது. அவர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்து, அதில் எச்சில் தொட்டு, பெற்ற பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைக்கிறார்.