மஞ்சள் தண்ணீர்

நான் விற்ற காரையே பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்ப வாங்கினேன். என்னிடம் வாங்கியவன் ஓட்டாமல் கொட்டகையில் போட்டே வைத்திருந்தான். மூன்று மைல் போவதற்குள் இஞ்சின் கொதித்து ஆவி கக்கியது. மெக்கானிக்குகளை நான் நம்புவதில்லை. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிடுவார்கள். அதனால் தெருவோரப் பட்டறையில் சேவியர் ரேடியேட்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன்.

உள்ளே அடைத்துக் கிடந்ததைக் கம்பியால் கிண்டி எடுத்து மோந்து பார்த்தான். "எந்தக் கூமுட்டை அண்ணாச்சி இதுல மஞ்சப்பொடியக் கொட்டுனது?"

"எம் பொண்டாட்டி."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தக் காலத்தில் ஒருநாள் கயத்தாறு தாண்டியதும் ரேடியேட்டர் ஒழுகி வண்டி நின்றுவிட்டது. வடிவு மளிகைப் பையிலிருந்த மஞ்சள்பொடிப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். "வெட்டுக்காயத்துக்கே கேக்குது, இதுக்குக் கேக்காதா?" என்று மொத்தத்தையும் உள்ளே தட்டினாள். கேட்டது. ஒழுகல் நின்று வீடு வந்து சேர்ந்தோம். அவள் செத்த மாதமே காரை விற்றுவிட்டேன்.

"கழுவலன்னா இஞ்சின் ஜாம் ஆயிரும் அண்ணாச்சி. அடிச்சு விட்டுரவா?" சேவியர் குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அந்தக் கட்டியை வாங்கி நானும் மோந்தேன். துரு வாடைதான் அடித்தது.

"அடி" என்றேன்.

தண்ணீர் மஞ்சளும் துருச்சிவப்புமாய் ஓடித் தெருவில் பரவியது. எதிரே வந்த ஒருத்தி, யார் வீட்டு ஆரத்தி என்று நினைத்தாளோ, மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள்.