க்ளோப்

காப்பி குடிக்கும்போதே விங்கோவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அவர் குழறியதில் மனைவி மில்காவுக்கு ஒரு சொல்தான் புரிந்தது.

"க்ளோப்... க்ளோப்..."

பெஞ்சைக் கேட்கிறார் என்று பதறிப்போய் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். அப்போதும் அதையே சொன்னார்.

மருத்துவமனையில் அழுதாள். "பக்கவாதமா டாக்டர்? பெஞ்சுல உக்காந்துக்கிட்டே பெஞ்சு கேக்குறாரு. புத்தியும் போயிடுச்சா?"

"காளான் பறிக்கக் காட்டுக்குப் போவீங்களா?"

"ரெண்டு பேரும் தினமும் போறோமே."

டாக்டர் விங்கோவின் கால்சட்டையைச் சுருட்டினார். முழங்காலுக்குப் பின்னால் பெரிய சிவப்பு வளையம் இருந்தது.

"புத்தி தெளிவாத்தாம்மா இருக்கு. நம்ம ஸ்லோவேனியத்துல பெஞ்சும் க்ளோப், உண்ணியும் க்ளோப். உண்ணி கடிச்சு வந்த லைம் நோய் இது. மருந்துல சரியாயிடும்."

மில்காவுக்கு மூச்சு வந்தது.

விங்கோ மட்டும் அடங்கவில்லை. விரலால் அவள் பிடரியைக் காட்டினார்.

"க்ளோப்!"