ஒன்றரை அங்குல நன்கொடை

"போலிச் சரக்கை வித்துட்டு என்கிட்டயே வாயாடறியாம்மா?"

செயலாளர் போட்ட சத்தத்தில், மவுஸ் வாங்க வந்த இருவர் மவுஸை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் ஆறு வருஷமாகச் செயலாளர். வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

கடைக்காரப் பெண் அவருடைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"புராசஸர் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க மதர்போர்டுக்குத்தான் அது யாருன்னு தெரியல. பழசு உள்ளே இருக்கும்போதே போர்டுக்குள்ள இருக்கற பயாஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணிடுங்க, அப்புறமா மாத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

சொன்னாள்தான். அந்த நேரம் பார்த்து அவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். புராசஸர் மாற்றுவது எப்படி என்று.

"சரி, விடு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு என் பொண்ணுக்கு ஆன்லைன் நுழைவுத் தேர்வு. போன்ல எழுத முடியாதாம். இப்ப என்ன பண்ணணும்?"

"பழைய புராசஸரைக் கொண்டு வாங்க. அதைப் போட்டாதான் போர்டு கண்ணைத் தொறக்கும். தொறந்ததும் அப்டேட் பண்ணிட்டுப் புதுசை மாட்டிடலாம். அரைமணி வேலை."

பழசு செயலாளர் வீட்டில் இல்லை. முந்தாநாள்தான் அடுத்த தெருப் படிப்பகத்துக்கு வழங்கியிருந்தார். 'ஏழை மாணவர்களுக்குக் கணினி உதவி' என்று சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் படம். நூற்றுப் பன்னிரண்டு கைதட்டல்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கும்? உன்கிட்ட ஒண்ணு இருக்காதா?"

"கொண்டு வாங்க சார்," என்றாள், ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வழியெல்லாம் 'தற்காலிகமாக', 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று சுற்றறிக்கை பாணியில் வார்த்தை தேடிக்கொண்டே நடந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. படிப்பகத்து அம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே, துணி மெத்தையில் புராசஸர் படுத்திருந்தது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். இதை மாட்ட இங்கே மெஷின் ஏது? உங்க படத்தைப் பாத்துட்டு ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு. நாளைக்கு மத்தியானம் நுழைவுத் தேர்வாம். கம்ப்யூட்டர் எங்கேன்னு கேட்டுச்சு. இதைத் தொறந்து காட்டினேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லுச்சு."

செயலாளர் வந்ததைவிட வேகமாகத் திரும்பினார்.

கடையில், சொன்னபடி அரைமணி. திரையில் புது புராசஸரின் பெயர் வந்தது. செயலாளருக்கு மூச்சு வந்தது.

கழற்றிய பழசை வைக்கக் கடைக்காரப் பெண் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே அதே மாதிரி இன்னும் ஐந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ஏம்மா! இத்தனையை வச்சுக்கிட்டா என்னை அலைய விட்டே?"

"நான் சொன்னா கேட்டிருப்பீங்களா சார்? அந்தப் பொண்ணு நேத்து இங்கேயும் வந்துச்சு. கடையில இருக்கறதெல்லாம் அடுத்தவங்க மெஷின். எதைத் தூக்கிக் கொடுக்கறது?" பவர் கேபிளைச் சுருட்டி அவர் கையில் வைத்தாள். "உங்க பொண்ணுக்குத் தேர்வு காலையில. அந்தப் பொண்ணுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு."

செயலாளர் திரும்பிப் பார்த்தார். மவுஸ் வாங்க வந்தவர்கள் இன்னும் போகவில்லை.

"என் வீட்டுக்கு வந்து எழுதச் சொல்லும்மா," என்றார் கடைசியில். கை தானாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தது.

"படம் மட்டும் வேண்டாம் சார்," என்றாள் அவள்.